நில் என்று எழுதியிருந்தது

வயிற்றுக்குக் கீழே, தொடை தொடங்குகிற இடத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் வந்தால் அதை யாரிடம் போய்ச் சொல்வது? பல்வலி என்றால் தெருவில் நின்று சொல்லலாம். காய்ச்சல் என்றால் நாலு பேர் வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு வந்தது அப்படிச் சொல்லவும் காட்டவும் முடியாத, மரியாதை கெட்ட நோய். எனக்குப் பாடாலூரில் மைக் செட் கடை. அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தையும் காதுகுத்தையும் ஊருக்கே கேட்கும்படி அலறுவதுதான் பிழைப்பு. அப்படிப்பட்டவன் என் சொந்த சமாச்சாரத்தை மனைவி பட்டம்மாளிடம்கூடச் சொல்லாமல், இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் திரிந்தேன்.

அரியலூரில் ஒரு கல்யாணத்தில் குட்டு உடைந்தது. பந்தலை ஒட்டியிருந்த வேப்பமரத்தில் இரண்டாவது குழாய் ஸ்பீக்கரைக் கட்ட ஏறினேன். பாதி மரத்தில் வலி வந்து குடலைச் சுருட்டிப் பிடித்தது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கீழே மேசையில் மைக் திறந்தபடியே கிடந்திருக்கிறது. நான் "யம்மா" என்று கத்தியது முதல் ஸ்பீக்கர் வழியாகப் பெண் வீடுவரை கேட்டதாம். மாப்பிள்ளை வீட்டார் ஏணி வைத்து என்னை இறக்கி, பக்கத்துத் தெரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அந்த டாக்டர் நன்றாக விளக்கினார். "சைக்கிள் டயர் ஒரு எடத்துல நைஞ்சு போச்சுன்னா உள்ள இருக்குற டியூப் வெளிய பிதுங்குமில்ல? அதான் இது. வயித்துச் சுவரு ஒரு எடத்துல பலவீனமாயிடுச்சு, குடல் பிதுங்குது. பேரு ஹெர்னியா. குடலிறக்கம்னு சொல்லுவாங்க. இப்ப உள்ள தள்ளினா போயிடுது. ஒரு நாள் போகாம மாட்டிக்கிச்சுன்னா உசுருக்கே ஆபத்து. ஆபரேஷன்தான் வழி" என்றார். ஆம்ப்ளிபயரும் பேட்டரியும் தூக்கித் தூக்கி நானே வரவழைத்துக்கொண்டது. பட்டம்மாள் விஷயம் தெரிந்ததும் ஒரு மணி நேரம் அழுதாள், அடுத்த ஒரு மணி நேரம் திட்டினாள், பிறகு பையில் வேட்டிகளை அடுக்கினாள்.

என்னைச் சேர்த்த அரசாங்க ஆஸ்பத்திரி எது என்று நான் சொல்லப்போவதில்லை. பெரம்பலூர் பக்கத்துக்காரர்கள் ஊகிக்கவும் வேண்டாம். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். அப்படியிருந்தும் ரெண்டே எழுத்துள்ள ஒரு வார்த்தையால் எங்கள் வார்டு மங்களம் சிஸ்டருக்கு ஊர் மாற்றல் வர இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். என் வீக்கம் அதற்கு ஒரு சாக்கு.

நான் சேர்ந்தபோது ஆண்கள் வார்டில் ஒரு வரிசைக் கட்டிலுக்கு ஒரு சிஸ்டர். எங்கள் வரிசைக்கு மங்களம் சிஸ்டர். ஊசி, மாத்திரை, காய்ச்சல் பார்ப்பது, கட்டு மாற்றுவது, வசவு எல்லாம் அவர் கையால்தான். வசவு என்று சும்மா சொல்லவில்லை. அவர் வாயைத் திறந்தால் என் மைக் செட்டை மூட்டை கட்டி வைத்துவிடலாம். "என்னா மைக்செட்டு, பீடி வாசனை வருது? ஆபரேஷன் முடிஞ்சு இருமினீங்கன்னா தையல் தெறிச்சு என் மூஞ்சில அடிக்கும், தெரியுமில்ல?" என்பார். நான் பீடியை விட்டது அந்த வசவுக்குப் பயந்துதான். கணவர் எறையூர்ப் பக்கம் கரும்பு லாரிகளோடு அலைகிறவர். ஒரே மகள், அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். அவளுக்குத் தலை பின்னி அனுப்பிவிட்டு, தன் தலையை வழியில் சரி செய்துகொண்டே வார்டுக்குள் நுழைவார்.

என் ஆபரேஷனுக்கு முந்தின சாயங்காலம் என் கட்டில் அருகே வந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். "ராத்திரி கஞ்சியோட சரி. அதுக்கப்புறம் பச்சத் தண்ணிகூட வாயில படக் கூடாது. வயித்துல எதாவது கெடந்தா மயக்கத்துல அது மேல வந்து மூச்சுக்குழல்ல எறங்கிடும். முதுகுல ஒரு ஊசி போடுவாங்க. காலு ரெண்டும் உங்களுது இல்லாத மாதிரி ஆயிடும், பயப்படாதீங்க, சாயங்காலம் திரும்ப வந்துடும்." பிறகு பட்டம்மாளைப் பார்த்து, "அவரு தண்ணி கேட்டு அழுவாரு. கொடுத்தீங்கன்னா ஒங்களுக்குத்தான் ஊசி" என்றார். எனக்குப் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. அது பெரிய நிம்மதி.

ஆபரேஷன் அவர் சொன்னபடியே நடந்தது. கால்கள் போயின, வந்தன. ஒரு விஷயத்தை மட்டும் அவர் சொன்னபோது நான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. சிரிக்கக் கூடாது. சிரித்தால் தையல் இழுத்துப் பிடித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். சிரிப்பு வந்தால் தலையணையை வயிற்றில் வைத்து அழுத்திக்கொள்ள வேண்டும். பட்டம்மாள் அந்தத் தலையணையோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் சிரிக்கப் போகிறேன் என்பது எனக்குத் தெரிவதற்கு முன் அவளுக்குத் தெரிந்துவிடும்.

இந்த நேரத்தில்தான் நிர்வாக அலுவலரின் புதுத் திட்டம் வந்து சேர்ந்தது. இளவயதுக்காரர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. கெட்டவர் இல்லை. வருஷக்கணக்கில் ஒழுகிய குழாயை வந்த வாரமே சரி செய்தார். வெளி நோயாளிகள் முண்டியடித்த இடத்தில் வரிசை கொண்டுவந்தார். அந்த உற்சாகத்தோடு சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போய், மேலாண்மை என்ற புதுச் சொல்லைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். இனிமேல் ஒரு சிஸ்டருக்கு ஒரு வேலை. ஒருவர் வார்டு முழுக்க ஊசி, ஒருவர் முழுக்கக் கட்டு, ஒருவர் காய்ச்சல் பார்ப்பது, ஒருவர் எழுத்து வேலை. செய்ததையே செய்தால் கை வேகம் வரும், நேரம் மிச்சமாகும் என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

மங்களம் சிஸ்டருக்குக் காய்ச்சல் பார்க்கும் வேலை விழுந்தது. தெர்மாமீட்டரை வாயில் வைத்து, எடுத்து, உதறி, எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும். நோயாளி ஏதாவது கேட்டால், "அது என் வேலை இல்லீங்க, ஊசி சிஸ்டரைக் கேளுங்க" என்று சொல்ல வேண்டும். ஊசி சிஸ்டர் அதற்குள் வார்டின் அந்தக் கோடிக்குப் போயிருப்பார். மங்களம் சிஸ்டரால் அப்படிச் சொல்ல முடியவில்லை. நின்று பதில் சொன்னார். நேரமானது. தேவையில்லாத பேச்சு என்று ஒரு மெமோ கொடுத்துவிட்டார்கள்.

"இன்னொரு மெமோ வந்தா ராமநாதபுரம் பக்கம் தூக்கிப் போட்டுடுவாங்களாம்" என்று அவர் என் வாயில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டுப் பட்டம்மாளிடம் சொன்னார். "அவரு இங்க, நான் அங்க, புள்ள எங்கக்கா? இப்பத்தான் அது ஸ்கூலுக்கு அழாம போவுது." குரல் கம்மிப் போயிருந்தது. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆறுதலாக எதையாவது சொல்லியிருப்பேன், வாயில் தெர்மாமீட்டர் இருந்தது.

திட்டத்தின் அடுத்த பகுதி போர்டுகள். வாயால் சொல்வது மறந்துபோகும், எழுதி மாட்டினால் மறக்காது. அதனால் யாருக்கு என்ன சாப்பாடு என்று தகரத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் மாட்டினார்கள். பால், கஞ்சி, ரொட்டி, உப்பில்லாச் சோறு. எல்லாம் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது அரசாங்க உத்தரவு. ஆபரேஷனுக்குப் போகிறவர் எதுவும் சாப்பிடக் கூடாது என்பதற்கு டாக்டர்கள் இங்கிலீஷில் 'நில்' என்று எழுதுவார்கள். ஒன்றுமில்லை என்று அர்த்தமாம். பெயின்டரிடம் போன பட்டியலில் அதற்குத் தமிழ் போட யாருக்கும் தோன்றவில்லை. அவன் அதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டான். சிவப்பு எழுத்தில், பெரிதாக, நில்.

என் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் அய்யாக்கண்ணு. திருமானூர்ப் பக்கத்திலிருந்து வந்த விவசாயக் கூலி, அறுபது வயதுக்கு மேல். அவருக்கும் என் நோய்தான். துணைக்கு வந்த மகள் கைக்குழந்தையைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தாள். பெரியவர் முதியோர் கல்வி வகுப்பில் சமீபத்தில்தான் எழுத்துக் கற்றிருந்தார். கண்ணில் பட்டதை எல்லாம் எழுத்துக் கூட்டி வாசிப்பார். படித்ததோடு விடமாட்டார், அதன்படி நடப்பார். 'அமைதி காக்கவும்' என்று சுவரில் படித்த நாளிலிருந்து கிசுகிசு என்றுதான் பேசினார். 'எச்சில் துப்பாதீர்' என்பதைப் படித்துவிட்டு, வெற்றிலை போட்டால் துப்ப வேண்டியிருக்குமே என்று வெற்றிலையையே விட்டுவிட்டார். என் சோப்பு உறையைக்கூடப் படிக்காமல் விடவில்லை.

ஒரு சாயங்காலம் அவர் தலைமாட்டில் சிவப்பு போர்டை மாட்டிவிட்டு ஒரு ஊழியர் போனார். மறுநாள் பொழுது விடிந்து நான் கண் விழித்தபோது பெரியவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்து, விறைப்பாக நின்றார். காலாற நிற்கிறார் போல என்று நினைத்தேன். பல் தேய்த்துவிட்டு வந்தேன், நின்றார். பட்டம்மாள் காபி வாங்கி வந்தாள், நின்றார். "ஒக்காருங்களேன் மாமா" என்று அவள் சொன்னதற்கு, வேண்டாம் என்று தலையாட்டினார்.

அப்போது சாப்பாட்டு வண்டி வந்தது. தள்ளுகிறவர் கோவிந்தன். மற்றக் கட்டில்களில் ஓட்டமாக ஓடி ஊற்றுகிறவர், பெரியவரின் போர்டைப் பார்த்ததும் வண்டியை நிறுத்திவிட்டார். நில் என்றால் வண்டி நிற்க வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்டார். யாரோ முக்கியமானவர் போல என்று நினைத்து, டம்ளர் நிறையப் பாலும் மற்றவர்களைவிட ஒரு துண்டு அதிகமாக ரொட்டியும் கொடுத்தார். பெரியவர் நின்ற வாக்கிலேயே ரொட்டியைப் பாலில் நனைத்தார்.

மங்களம் சிஸ்டர் தெர்மாமீட்டரோடு வந்து சேர்ந்தார். "என்னா பெரியவரே, உக்காந்து சாப்புடுறதுக்கு என்ன?"

பெரியவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, பெருமையோடு போர்டைக் காட்டினார். "நில்லுன்னு போட்டிருக்கும்மா. ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம்தான் பாத்தேன், அப்ப இருந்து நிக்கிறேன்."

சிஸ்டர் போர்டைப் பார்த்தார். பெரியவரைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். அடுத்த நொடி கையை வீசி டம்ளரைத் தட்டிவிட்டார். அது பறந்துபோய், காலைச் சுற்றுக்கு அப்போதுதான் உள்ளே நுழைந்த நிர்வாக அலுவலரின் பேண்ட்டில் பாலாபிஷேகம் செய்தது. சிஸ்டர் அதைக் கவனிக்கவே இல்லை. "எவ்வளவு முழுங்கினீங்க? சொல்லுங்க, எவ்வளவு முழுங்கினீங்க?" என்று வார்டே அதிரக் கத்தினார். பெரியவர் நடுங்கிப்போய், "ஒரே ஒரு கடிம்மா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையணை வருவதற்குள் தையல் சுண்டி இழுத்தது. பட்டம்மாள் அழுத்திய அழுத்தில் என் சிரிப்பு அழுகையாக மாறியது.

அன்றைய ஆபரேஷன் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. வயிற்றில் ரொட்டியோடு மயக்கம் கொடுத்திருந்தால் பெரியவர் திரும்பி வந்திருக்க மாட்டார் என்று டாக்டரே சொன்னார். அப்படியும் மத்தியானத்துக்குள் மங்களம் சிஸ்டருக்கு மெமோ தயாராகிவிட்டது. ஒதுக்கிய வேலையைப் பாதியில் விட்டது, மீதி வரிசைக்குக் காய்ச்சல் பார்க்காதது, ரகளை செய்தது. இது இரண்டாவது மெமோ. இதற்குச் சரியான விளக்கம் இல்லையென்றால் மாற்றல்தான். என் சிரிப்பு அடங்கிப்போனது.

விசாரணை அன்றைக்கே வார்டில் நடந்தது. அலுவலர் வேறு பேண்ட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். டாக்டரும் வந்தார். சிஸ்டர்கள் சுவரோரமாக நின்றார்கள். மங்களம் சிஸ்டரின் கண் சிவந்திருந்தது, ஆனால் தாடை நிமிர்ந்திருந்தது. அலுவலர் முதலில் பெரியவரிடம் கேட்டார்.

"பெரியவரே, இந்தம்மா உங்க கையில இருந்த டம்ளரைத் தட்டி விட்டாங்களா?"

"ஆமாங்க" என்று கிசுகிசுத்தார் பெரியவர். பட்டம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீங்க எதுக்கு நின்னுக்கிட்டே இருந்தீங்க?"

"நில்லுன்னு எழுதியிருக்குங்களே. நான் தப்பாப் படிச்சுட்டேங்களா சார்?"

அலுவலர் போர்டுக்குப் பக்கத்தில் போனார். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். கோவிந்தன் பின்னாலிருந்து, "நானும் வண்டியத்தான் நிக்கச் சொல்லுதுன்னு நெனச்சேன் சார்" என்றார். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவர் தோள்கள் குலுங்கின. அடுத்து சிஸ்டர்கள், அதற்கடுத்து வார்டு முழுக்கச் சிரிப்பு. நான் தலையணையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடி, எனக்கு வராமல் போன பாக்கிகளை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். அப்படியும் அடக்க முடியவில்லை.

மங்களம் சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிச்சது போதும்" என்றார். அவருடைய பழைய குரல், வசவுக் குரல். "சார், என்னைய எங்க வேணாலும் மாத்துங்க, போறேன். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. இன்னிக்குக் காலையில ஆபரேஷன்னு இந்தப் பெரியவருகிட்ட யாரு சொன்னது?"

அலுவலர் ஊசி சிஸ்டரைப் பார்த்தார். ஊசி சிஸ்டர் கட்டு சிஸ்டரைப் பார்த்தார். கட்டு சிஸ்டர் எழுத்து வேலை பார்த்த சிஸ்டரைப் பார்த்தார். அவர், "சிஸ்டர்ங்க யாராவது சொல்லியிருப்பாங்கன்னு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். டாக்டர் தரையைப் பார்த்தார்.

"நானும்தான் சொல்லல" என்றார் மங்களம் சிஸ்டர். "தெர்மாமீட்டர் வச்சேன், எடுத்தேன், போயிட்டேன். பேசினா மெமோ."

பெரியவர் மெல்லக் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். இதுவரை கிசுகிசுத்தவர் முதல் தடவையாகச் சத்தமாகப் பேசினார். "இன்னிக்கா? எனக்கா? எம் மவ ஊர்லல்ல இருக்குது?"

பட்டம்மாள் என் வயிற்றிலிருந்து தலையணையை எடுத்துவிட்டாள்.

அலுவலரின் முகம் கறுத்துப்போயிருந்தது. போர்டை அவரே ஆணியிலிருந்து கழற்றினார். திருமானூர் பஸ்ஸில் ஆள் அனுப்பி மகளை அழைத்து வரும்படி கோவிந்தனிடம் சொன்னார். மங்களம் சிஸ்டரிடம் திரும்பி, "மெமோவை நான் திரும்ப வாங்கிக்கிறேம்மா" என்றார்.

வேறு யாராவது என்றால் கும்பிட்டிருப்பார்கள். இவர், "என் வரிசை?" என்று கேட்டார்.

"என்னது?"

"என் வரிசை சார். இந்தக் கட்டில்ல இருந்து அந்த ஜன்னல் வரைக்கும். திரும்பக் குடுக்குறீங்களா, இல்லையா?"

அலுவலர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையாட்டினார். "எடுத்துக்குங்க. எல்லாரும் அவங்கவங்க வரிசைய எடுத்துக்குங்க. மத்தது பெறகு பாப்போம்" என்றார் அலுவலர்.

மங்களம் சிஸ்டர் நன்றிகூடச் சொல்லவில்லை. நோயாளியின் கட்டிலில் சிஸ்டர்கள் உட்காரக் கூடாது என்பது சட்டம். அவர் அலுவலரின் கண்ணெதிரே பெரியவரைக் கட்டிலில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னிடம் சொன்னதையெல்லாம் அவரிடமும் சொன்னார். ராத்திரிக் கஞ்சி, பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது, முதுகில் ஊசி, கால் போகும், கால் வரும், மகள் வந்து கதவுக்கு வெளியே இருப்பாள். சொல்லி முடித்ததும், "எங்க, எல்லாத்தையும் எனக்குத் திருப்பிச் சொல்லுங்க பாப்போம்" என்றார். பெரியவர் ஒன்று விடாமல் ஒப்பித்தார். அலுவலர் அதுவரை நகராமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரியவர் ஒப்பித்து முடித்து, பெருமூச்சு விட்டு, சிஸ்டரைப் பார்த்தார்.

"இவ்வளவுதானாம்மா? இத நேத்தே சொல்லியிருந்தா, நான் ராத்திரி தூங்கியிருப்பேனே."